எங்கே ஒட்டுவது?

முழங்கையை மடக்கி மேற்கையை முறுக்கினால் தசை திரண்டு மேடு கட்டுகிறது. அந்தத் தசையில் ஓடும் மின்சாரத்தைத் தோலுக்கு மேலிருந்து பதிவுசெய்யச் சொன்னால், யாரும் மேட்டின் உச்சியில்தான் மின்முனையை ஒட்டுவார்கள். பலருக்கு சிக்னல் படுத்துவிடும் இடமும் அதுவே.

நரம்பு வந்து தசையோடு சேரும் பகுதி அங்கேதான், ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு தசை இழையிலும் மின்துடிப்பு கிளம்பி, தோள் பக்கம் ஒன்றும் முழங்கைப் பக்கம் ஒன்றுமாக வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் ஓடும். இந்த மின்சாரத்தைப் பதிவுசெய்யும் இ.எம்.ஜி. கருவி அளப்பது இரண்டு மின்முனைகளுக்கு இடையிலான வேறுபாட்டை. இரண்டிலும் ஒன்றுபோல வருவதைக் கழித்துவிடும். மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. தசையின் சிக்னல் சில மில்லிவோல்ட்தான் என்பதால் இது இல்லாமல் ஆகாது. ஆனால் நரம்பு சேருமிடத்துக்கு இருபுறமும் சம தூரத்தில் மின்முனைகள் உட்கார்ந்துவிட்டால், எதிரெதிரே ஓடும் துடிப்புகள் ஒரே நேரத்தில் இரண்டையும் எட்டுகின்றன. கருவி அதையும் இரைச்சலாகவே எண்ணிக் கழிக்கிறது. தசை முழுமூச்சாக உழைக்கும்போதே திரையில் கோடு சுருங்கிக் கிடக்கும்!

ரொம்பத் தள்ளிப்போய்த் தசைநாணை ஒட்டி வைத்தாலும் சிக்னல் மெலியும். 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடி வகுத்த ‘செனியாம்’ பரிந்துரைகள், இந்த இரண்டுக்கும் நடுவே, இழைகள் ஓடும் திசையிலேயே, 20 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டச் சொல்கின்றன. மேற்கைக்கு அது தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கைக் குழிக்கு இழுத்த கோட்டில், குழியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம்.

அசையாத கைக்கு இது போதும். கை மடங்கும்போது, சட்டைக்குள் உடம்பு நகர்வதுபோலத் தோலுக்கடியில் தசை நகர்கிறது. நரம்பு சேருமிடமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடம்பெயரக்கூடும். உடற்பயிற்சியின்போது எடுத்த பதிவில் ஏற்ற இறக்கம் தெரிந்தால் அது தசையின் உழைப்பா, இந்த நகர்வா என்று பிரிப்பது லேசல்ல. விளையாட்டு அறிவியல் வரைபடங்களை நான் சற்று சந்தேகத்தோடே பார்ப்பது இதனால்தான். முன்கையில் வேறு தொல்லை: மெல்லிய தசைகள் நெருக்கியடித்துக் கிடப்பதால் பக்கத்துத் தசையின் சிக்னலும் கலந்துவிடும். தோலடிக் கொழுப்பு தடித்தால் கலப்பும் கூடும்.

இத்தாலியின் டுரின் நகரில் ராபர்டோ மெர்லெட்டி குழுவினர் இரண்டு முனைகளுக்குப் பதில் ஒரு நீண்ட வரிசையையே தசைமேல் வைத்தார்கள். அலை எந்த முனைக்கருகில் தலைகீழாகிறதோ அங்கேதான் நரம்பு சேர்கிறது. அப்படித் தேடிய இடங்களைத் தசைவாரியாகத் தொகுத்த கையேடு 2012இல் வெளிவந்தது. சில தசைகளில் அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அவற்றுக்கு வரிசையை வைத்து ஒவ்வொருவரிடமும் தேடித்தான் ஆகவேண்டும்.