‘அந்த சிஸ்டர் இல்லன்னா...’

கடினமான பிரசவத்தில் மீண்டு வந்த பெண்ணுக்கு எத்தனை தையல், என்ன ஊசி என்பதெல்லாம் சில வருடங்களில் மறந்துபோகும். கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸின் முகம் மறக்காது. ‘அந்த சிஸ்டர் இல்லன்னா நான் பிழைச்சிருக்க மாட்டேன்’ என்று அவள் சொல்வதை வீட்டார் உணர்ச்சிப் பேச்சாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படியே உண்மை. ஆனால் வலி முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், அந்த சிஸ்டருக்குத் தன் வேலையைச் செய்ய நேரம் எங்கே இருக்கிறது?

பரிவும் சிகிச்சைதான்

பயம் கூடினால் அட்ரினலின் சுரக்கும்; கருப்பை சுருங்கும் வேகம் தளரும்; பிரசவம் இழுத்துக்கொண்டே போகும். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்து தேற்றிய பெண்களுக்கு வலி நேரம் குறைந்திருந்தது, சிசேரியனும் குறைந்திருந்தது. நர்ஸிடம் பரிவோடு பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. ஆறுதலாக வயிற்றில் வைத்த அதே கை வலியின் இடைவெளியை எண்ணுகிறது. குழந்தை பிறந்த பின் கருப்பை இறுகுகிறதா, தொளதொளவென்று கிடக்கிறதா என்று பார்க்கிறது. நிறைமாதத்தில் அந்தக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. அது இறுகாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கசாயம், விளக்கெண்ணெய், ‘வலி ஊசி’

சூட்டு வலியா, பிரசவ வலியா என்று தெரிந்துகொள்ளச் சீரகக் கசாயம் கொடுக்கிறார்கள். கசாயத்தால் கெடுதல் இல்லை. அதைக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருப்பதுதான் கெடுதல். விளக்கெண்ணெய் அப்படியல்ல. வயிற்றுப்போக்கில் நீரெல்லாம் வற்றிச் சோர்ந்துபோனவளால் முக்கவே முடியாது. இவை எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது, பயிற்சியில்லாதவர்களைக் கூப்பிட்டு ‘வலி ஊசி’ போட்டுக்கொள்ளும்போதுதான். அது ஆக்ஸிடோசின். பிரசவத்துக்கு முன் கணக்கில்லாமல் ஏற்றினால் கருப்பையே கிழியலாம், குழந்தை மூச்சுத் திணறலாம். குழந்தை பிறந்த பிறகு நர்ஸ் சரியான அளவில் போடும் அதே மருந்துதான் உதிரப்போக்கைத் தடுத்துத் தாயைக் காக்கிறது. மேல்வயிற்றை அமுக்கித் தள்ளுவதும், நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுப்பதும் இதே போல உயிரோடு விளையாடுவதுதான். திருப்பூரில் 2018-இல் யூடியூப் வீடியோக்களை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு இளம் தாய் உதிரப்போக்கில் இறந்துபோனார். வீடியோவுக்குக் கருப்பையைத் தொட்டுப் பார்க்கும் கை கிடையாது.

‘பாட்டி காலத்தில் எல்லாம் வீட்டில்தானே?’

ஆமாம். பிழைத்தவர்கள் கதை சொன்னார்கள், பிழைக்காதவர்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2004-06-இல் 111 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20-இல் 54 ஆக இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை நியமித்து, இரவு பகலாகப் பிரசவம் பார்க்க வைத்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு. ‘எல்லா சிஸ்டரும் அன்பாகவா இருக்கிறார்கள்? அதட்டுகிறார்களே’ என்பது நியாயமான கேள்வி. அதட்டல் தவறு, வேலைப்பளு அதற்குக் காரணமாகலாம், சமாதானம் ஆகாது. மரியாதையான பராமரிப்பும் பிரசவ சிகிச்சையின் பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் எழுதியே வைத்துவிட்டது. அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கத் தமிழ்நாடு 2004-லேயே வழி செய்தது. அம்மாவோ அக்காவோ உள்ளே வரட்டும், கேட்டு வாங்குங்கள். அதட்டலுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

தயவுசெய்து முன்னாலேயே வாருங்கள்

ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் சொன்ன தேதியில் பார்த்துவிடுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ நல்ல நேரம் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். காசு கேட்க மாட்டார்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகளாக இருக்கும். ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் வர முடியும். பிரசவ தேதி அந்த நாட்களை ஒட்டி வந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு முதல் நாளே டவுனில் சொந்தக்காரர் வீட்டிலோ மருத்துவமனையிலோ வந்து தங்கிவிடுங்கள். வலி வரட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், அம்மா.