இறங்கும் மூட்டையே இழுக்கும்!

டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? அங்கிருந்து கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் கம்பிவட ரோப்வே ஓடியது. அதன் மேல் நிலையம் அது. மூணாறு தேயிலைப் பெட்டிகள் சுமார் 5 கிலோமீட்டர் அந்தரத்தில் இறங்கி, பிறகு வண்டியில் போடிக்கு வந்தன.

உங்கள் ஏலத்தோட்டத்துக்கும் இதில் பாடம் உண்டு. சுமார் 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் 1 கிலோ. தலைச்சுமையில் பெரும்பகுதி தண்ணீர்தான். மழைச் சரிவில் கால் வழுக்கினால் மூட்டையோடு ஆளும் விழுவார்.

உலர்கூடம் தோட்டத்துக்குக் கீழே இருந்தால், மேலும் கீழும் பெரிய கப்பி வைத்து, வடத்தை ஒரே சுற்றாக ஓட்டலாம். பாரத்தொட்டி இறங்கும்போது காலித்தொட்டி தானே ஏறும். செங்குத்தான சரிவில் இழுக்க இன்ஜின் தேவையில்லை. வேகத்தை அடக்க நல்ல பிரேக்தான் தேவை.

சங்கிலி, பற்சக்கரத்தில் கோத்து ஓடுவதால் வழுக்காது. வடத்தைக் கவ்வும் பிடியோ உராய்வை நம்பியே நிற்கிறது. ஈரமோ எண்ணெயோ பட்டால் நழுவும். எனவே:

* தினமும் காலையில் பிடி, பிரேக் இரண்டையும் சோதியுங்கள்.
* வடத்தில் இழை அறுந்திருந்தால் ஓட்டாதீர்கள்.
* தொட்டியில் ஆளை ஏற்றாதீர்கள். ஓடும்போது வடத்தின் கீழே யாரும் நிற்கக் கூடாது.

கம்பத்தின் உறுதி, வடத்தின் கனம் ஆகியவற்றை நீங்களாக முடிவு செய்யாமல், வேளாண் பொறியியல் துறைப் பொறியாளரிடம் சரிவைக் காட்டிக் கேளுங்கள். கூலி மிச்சமாவது பிறகு. ஆள் பத்திரமாக வீடு திரும்புவதே முதல் லாபம்.