ரத்தத்தில் இறங்கும் சிலிக்கா

சூப் பொடி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொடி கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்த்த பொருள் என்று 551 என்ற எண் போட்டிருக்கலாம். அது சிலிக்கா. வாய்வழியே நாம் சாதாரணமாக விழுங்குவது. அதே சிலிக்காவை நானோ துகளாக்கி, உள்ளெல்லாம் நுண்துளை இட்டு, மருந்தை அடைத்து நேரே ரத்தத்தில் செலுத்தினால் என்ன ஆகும்?

இப்படித் துளையுள்ள சிலிக்காவை 1992-இல் உலகுக்குக் காட்டியது ஒரு எண்ணெய் நிறுவனம், மோபில். பெட்ரோலியத்துக்கு வினையூக்கி தேடியபோது கிடைத்தது. 2001-இல் மாட்ரிட்டில் மரியா வாலெட்-ரெகியின் குழு அந்தத் துளைகளில் ஐபுபுரூஃபென் என்ற வலிநிவாரணியை நிரப்பி, மெல்ல மெல்ல வெளிவரச் செய்தது. ஒரு கிராம் பொடியின் உள்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். நான்கு கிரவுண்டு மனைக்கும் மேல். மருந்து தங்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

சிலிக்கா என்றதும் கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலை அரிக்கும் சிலிகோசிஸ் நினைவுக்கு வரும். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அங்கே குற்றவாளி, மூச்சில் போகும் படிகச் சிலிக்கா. மருந்து சுமக்கும் துகள் படிகமல்ல. உடல்நீரில் மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரில் போகக்கூடியது.

அதனால் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் ஒரு எளிய சோதனை உண்டு. சிவப்பணுக்களோடு துகள்களைக் கலந்து, சிறிது நேரம் வைத்து, குழாயை வேகமாகச் சுழற்றுவார்கள். அணுக்கள் அடியில் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால் நிம்மதி. மேல்நீர் சிவந்தால் அணுக்கள் உடைந்துவிட்டன. பூச்சில்லாத சிலிக்காவின் பரப்பு அணுவின் சவ்வில் ஒட்டி அதைக் கிழிக்கிறது. பாலிஎதிலீன் கிளைக்கால் பூசினால் இந்தச் சேதம் பெருமளவு குறைகிறது.

அடுத்த சிக்கல் வெளியேற்றம். சுமார் 6 நானோமீட்டரைத் தாண்டிய கெட்டித் துகளைச் சிறுநீரகம் எளிதில் விடாது. 100 நானோமீட்டர் துகளைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். அது கரையும் வேகமும் செலுத்திய அளவுமே தீங்கைத் தீர்மானிக்கின்றன. அளவு மிகுந்தபோது எலிகளின் கல்லீரலில் அழற்சி கண்டிருக்கிறார்கள்.

மனிதரில்? கார்னெல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘சி-டாட்’ என்ற சிலிக்கா துகளை மனிதரில் சோதிக்க 2011-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. 2014-இல் வெளியான முதல் முடிவில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கொண்ட ஐந்து நோயாளிகளும் அதைத் தாங்கினார்கள். துகள் சிறுநீரகம் வழியே வெளியேறியது. ஆனால் அது 6, 7 நானோமீட்டரே உள்ள, துளையில்லாத துகள். அந்த நற்சான்றைப் பெரிய, துளையுள்ள துகளுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

ஆகவே, புற்றுநோய்க்கு ‘நானோ சிகிச்சை’ என்று யாரேனும் பணம் கேட்டால், மருத்துவப் பரிசோதனைப் பதிவெண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.