பெய்ஜிங் வரிசை

2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், சீனாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க மனுப் போட்ட வெளிநாட்டுத் தம்பதிகளுக்கு முதலில் கிடைத்தது ஒரு தேதி. அவர்களுடைய கோப்பு பெய்ஜிங்கில் உள்ள தத்தெடுப்பு மையத்தின் பதிவில் ஏறிய நாள் அது. அதன் பிறகு எல்லாம் அந்தத் தேதிப்படிதான். ரேஷன் கடை டோக்கன் மாதிரி, முன்னால் நிற்பவர்கள் முடிந்தால் நம் முறை. ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு ஆகும் என்ற நம்பிக்கையில் தொட்டில் வாங்கி, அறைக்கு வண்ணம் அடித்து வைத்தவர்கள் உண்டு. அந்த டிசம்பரில் பதிந்தவர்களின் கைக்குக் குழந்தையின் புகைப்படம் வந்தபோது ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன.

வரிசை ஏன் நின்றது? பெய்ஜிங் அலுவலகத்தின் மந்தம் என்று பலர் அப்போது கோபப்பட்டார்கள். காரணம் அதுவல்ல. வரிசை நின்ற கதையைக் கிளறினால், அது வேகமாக ஓடிய நாட்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்று தெரிகிறது.

வாசலில் கிடந்த பெண் சிசுக்கள்

சீனா ஒரு பிள்ளைக் கொள்கையைக் கொண்டுவந்தது 1980 வாக்கில். கிராமத்து வீட்டுக்கு ஆண்பிள்ளை வேண்டும், பிறந்ததோ பெண், அடுத்ததைப் பெற்றால் அபராதம், கட்டாயக் கருத்தடை. சந்தையிலும் ரயில் நிலையத்திலும் அரசு நல இல்லங்களின் வாசலிலும் துணியில் சுற்றிய பெண் சிசுக்கள் கிடந்தன. தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது 1992ல். சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து வெளிநாட்டவருக்குக் கதவு திறந்ததும் அதே 1992 ஏப்ரலில்.

அந்தச் சட்டத்தில் ஒரு வினோதம் இருந்தது. தத்தெடுப்பவருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், சொந்தப் பிள்ளை இருக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த நிபந்தனைக்குப் பொருந்துகிறவர்கள் ஏராளம். சீனக் கிராமத்தில் 35 வயதில் பிள்ளை இல்லாதவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு மகனை வைத்துக்கொண்டு, வழியில் கண்டெடுத்த பெண் குழந்தையையும் சேர்த்து வளர்க்க விரும்பிய தம்பதி அந்த நாட்டில் குற்றவாளி ஆனார்கள். சீனாவில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்க ஆளில்லை என்ற பேச்சு, பாதி உண்மைதான். வளர்க்க வந்தவர்களையும் சட்டம் தடுத்தது.

வெளிநாட்டுக்குப் போகும் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. உச்சம் 2005. அந்த ஓராண்டில் அமெரிக்காவுக்கு மட்டும் சுமார் 7,900 குழந்தைகள். அப்போது கோப்பு பதிவான ஆறேழு மாதத்தில் குழந்தை ஒதுக்கப்பட்டது.

கோப்பு போகும் வழி

தத்தெடுக்க விரும்புகிறவர் முதலில் தன்னையே கோப்பாக்க வேண்டும். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, சொத்துக் கணக்கு, மருத்துவச் சான்று, காவல்துறை நற்சான்று, வீட்டுக்கே வந்து சமூகப் பணியாளர் எழுதும் அறிக்கை. ஒவ்வொரு தாளுக்கும் நோட்டரி முத்திரை, அதன்மேல் மாநில அரசின் சான்று, அதற்கும் மேல் சீனத் தூதரக முத்திரை. அமெரிக்கர் என்றால் குடிவரவுத் துறையின் முன் அனுமதி வேறு. அந்த அனுமதி 18 மாதத்தில் காலாவதி ஆகும். அதற்காக எடுத்த கைரேகை 15 மாதத்தில். ஏழாண்டு காத்திருந்தவர்கள் தங்கள் விரல் ரேகை மாறவில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் போய் நிரூபித்தார்கள்.

பெய்ஜிங்கில் கோப்பு முதலில் சரிபார்க்கும் பிரிவுக்குப் போகும். பிறகு பொருத்தும் பிரிவு. நம் ஊரில் பொருத்தம் என்றால் ஜாதகக் கட்டம்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு பக்கம் தம்பதியின் தாள்கள், மறு பக்கம் மாகாணங்களின் நல இல்லங்கள் அனுப்பிய குழந்தைகளின் தாள்கள். முகச்சாயல் பார்க்கிறார்கள், பிறந்த நாள் பார்க்கிறார்கள் என்றெல்லாம் காத்திருந்தவர்களிடையே பேச்சு உலவியது. காத்திருப்பவர்களுக்கு எந்தச் செய்தியும் சகுனம்தான்.

குழந்தையின் தாளில் அதிகம் இருக்காது. இரண்டு மூன்று புகைப்படம், உயரம், எடை, தலைச்சுற்றளவு, மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனை முடிவு, கண்டெடுத்த இடம். பிறந்த நாள் பெரும்பாலும் நல இல்லம் ஊகித்து எழுதியது. குடும்பப் பெயரும் இல்லம் வைத்ததுதான். ஒரே இல்லத்துப் பிள்ளைகள் பலருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்கும். வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்கு முன் மாகாணச் செய்தித்தாளில் குழந்தையின் படத்தைப் போட்டு, உரியவர்கள் 60 நாளுக்குள் வரலாம் என்று அறிவிக்க வேண்டும். தபால்தலை அளவில் வரிசையாக முகங்கள். பின்னாளில் வளர்ப்புப் பெற்றோர் பலர் இந்தப் பழைய தாள்களைத் தேடிப்பிடித்துப் பணம் கொடுத்து வாங்கினார்கள், மகளுடைய முதல் படம் அதில்தான் இருக்கிறது என்று.

மாதம் ஒருமுறை, சில சமயம் இன்னும் தள்ளி, ஒதுக்கீடு ஒரு தவணையாக வெளிவரும். கூடவே, எந்தப் பதிவுத் தேதி வரை முடிந்தது என்ற அறிவிப்பும் வரும். வரிசை ஓடிய காலத்தில் ஒரு தவணையில் பல வாரத் தேதிகள் தீர்ந்தன. நின்றுபோன காலத்தில் நாலைந்து நாள் தேதிகள், மோசமான மாதங்களில் ஒன்றிரண்டு நாள். அந்த வேகத்தில் தன் தேதி எப்போது வரும் என்று வகுத்துப் பார்த்தவர்களுக்கு விடை பத்தாண்டு, பதினைந்தாண்டு என்று வந்தது. பலர் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் விலகினார்கள். அவர்கள் விலகியதால்தான் மிச்சம் பேருக்கு ஏழாண்டில் முடிந்தது.

இந்தக் காத்திருப்பில் மேற்கத்தியப் பெற்றோர் பற்றிக்கொண்டது ஒரு சிவப்பு நூல். சந்திக்க வேண்டியவர்களை ஒரு கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூல் பிணைத்திருக்கிறது என்று ஒரு சீன நம்பிக்கை. வாழ்த்து அட்டையிலும் கைவளையிலும் அது இடம் பிடித்தது. சீனாவில் அது கல்யாண நூல். நிலவில் இருக்கும் கிழவர் மணமக்களின் காலில் கட்டுவது. தத்துப் பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த நூலுக்கு மறுமுனை மட்டுமல்ல, பெற்றவள் என்ற மூன்றாவது முனையும் உண்டு என்பதை அந்த வாழ்த்து அட்டைகள் சொல்லவில்லை.

நின்றது ஏன்

மூன்று காரணங்கள் ஒன்றாகக் கூடின. 1999ல் சட்டம் தளர்ந்தது. வயது 30 ஆனது; நல இல்லக் குழந்தையை எடுக்கச் சொந்தப் பிள்ளை இருப்பது தடையில்லை என்றானது. உள்ளூர்த் தம்பதிகள் வரத் தொடங்கினார்கள். வருமானமும் உயர்ந்தது, பெண் குழந்தையைக் கைவிடுவது குறைந்தது. இதற்கிடையில் 2007 மே 1 முதல் புது நிபந்தனைகள் வரும் என்று சீனா அறிவித்தது: தம்பதிகள் மட்டுமே, வயது 30 முதல் 50, உடல் எடைக் குறியீடு 40க்குக் கீழ், மனச்சோர்வு மருந்து எடுப்பவர் கூடாது, சொத்து 80,000 டாலர். அதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தார்கள். குழந்தைகள் குறைந்த நேரத்தில் கோப்புகள் குவிந்தன.

இன்னொரு காரணத்தைத்தான் யாரும் கேட்க விரும்பவில்லை. 2005 நவம்பரில் ஹுனான் மாகாணத்தின் ஹெங்யாங் வட்டாரத்தில் குழந்தை விற்பனைக் கும்பல் ஒன்று பிடிபட்டது. குவாங்டோங்கிலிருந்து சிசுக்களைக் கொண்டுவந்து நல இல்லங்களுக்கு விற்றிருந்தார்கள். அவற்றில் பல வெளிநாடு போயிருந்தன. ஏன் வாங்க வேண்டும்? ஒவ்வொரு வெளிநாட்டுத் தத்துக்கும் பெற்றோர் நல இல்லத்துக்குக் கட்டாய நன்கொடையாக 3,000 டாலர் தந்தார்கள், பெரும்பாலும் மடிப்புக் கலையாத நூறு டாலர் நோட்டுகளாக. ஒரு சிசுவின் கொள்முதல் விலைக்கும் இந்தத் தொகைக்கும் இடையே இருந்த தூரம்தான் வியாபாரம். கும்பல் பிடிபட்டதும் அந்த வரத்து குறைந்தது. குவெய்சோவின் ஜென்யுவானில் நடந்தது இதைவிடக் கொடுமை: அபராதம் கட்ட முடியாத குடும்பங்களிடமிருந்து குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே குழந்தைகளைப் பிடுங்கிப் போனார்கள் என்பது 2009ல் வெளிவந்தது. நல இல்லத்தின் தாளில் அந்தக் குழந்தைகளும் 'கண்டெடுக்கப்பட்டவை'தான்.

ஆறு மாதத்தில் குழந்தை கிடைத்த காலத்தில், இத்தனை குழந்தைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஏஜென்சிகள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கணக்கில் பெரிய பிழை அது; வரிசை நின்றது அல்ல.

நமக்கும் இது தூரத்து ஊர்ச் சங்கதி இல்லை. வெளிநாட்டுக்குக் குழந்தைகள் அனுப்பப்படுவதில் நடக்கும் முறைகேடுகள் பற்றி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று, 1984ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. அதற்குப் பிறகும் சென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் ஹாலந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்துப் போயிருந்தது 2005ல் அம்பலமானது. 2015 முதல் இந்தியாவில் இல்லங்களில் உள்ள குழந்தையைத் தத்தெடுக்க மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் கணினி வரிசை ஒன்றே வழி. குழந்தை காட்டப்பட்ட 48 மணி நேரத்துக்குள் உள்நாட்டுத் தம்பதி முடிவு சொல்ல வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியரும் உள்நாட்டவருக்குச் சமமாகவே நிற்கிறார்கள். ஆரோக்கியமான சிசுவுக்கு இங்கேயும் மூன்றாண்டுக்கு மேல் காத்திருப்பு. உறவுக்காரர்கள் "இன்னுமா வரல?" என்று கேட்கிறார்கள். வராமலிருப்பதற்குக் காரணம், பெற்றவர்கள் கைவிட்டு, சட்டப்படி விடுவிக்கப்பட்ட சிசுக்கள் அத்தனை இல்லை என்பதே.

இன்னொரு வரிசை

பெய்ஜிங்கில் தேதி பார்க்காத வரிசை ஒன்றும் இருந்தது. இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு, பார்வைக் குறை உள்ளவர்கள், வளர்ந்த பிள்ளைகள். இவர்களின் கோப்புகள் ஒரு பொதுப் பட்டியலில் ஏறும். உலகெங்கும் உள்ள ஏஜென்சிகள் அதைத் திறந்து பார்க்கலாம். புதுப் பெயர்கள் ஏறும் இரவில் ஏஜென்சி ஊழியர்கள் கணினி முன் விழித்துக் கிடந்து, நிமிடக் கணக்கில் முந்தினார்கள். இங்கே காத்திருந்தவர்கள் பெற்றோர் அல்ல, பிள்ளைகள். முதல் வரிசையில் சலித்தவர்கள் பலர் இதற்கு மாறினார்கள். கடைசிப் பத்தாண்டில் சீனாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியல் பிள்ளைகளே. ஆண்பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள்.

இந்தப் பட்டியலில் பொருத்தம் முடிந்து, பயணத்துக்குக் காத்திருந்தவர்களைத்தான் 2020ன் தொடக்கம் நிறுத்தியது. கொரோனா. பெட்டி கட்டி வைத்தவர்கள் பிரித்தார்கள். அடுத்த இரண்டு நிதியாண்டுகளில் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு குழந்தைகூடப் போகவில்லை. 2023ல் போனவர்கள் 16 பேர், முன்பே பயண அனுமதி பெற்றவர்கள். மற்றவர்கள் வீடியோவில் பிள்ளையின் முகம் பார்த்தார்கள்; பிறந்த நாளுக்குப் பொட்டலம் அனுப்பினார்கள்.

2024 செப்டம்பர் 5 அன்று, வெளியுறவு அமைச்சகத்தின் வழக்கமான செய்தியாளர் சந்திப்பில், செய்தித் தொடர்பாளர் மாவ் நிங் அறிவித்தார்: மூன்று தலைமுறைக்குள் ரத்த உறவு உள்ளவர்கள், துணைவரின் பிள்ளையை ஏற்பவர்கள் தவிர, இனி சீனக் குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துப் போக மாட்டார்கள். 32 ஆண்டில் உலகெங்கும் 1,60,000க்கு மேற்பட்ட குழந்தைகள் போயிருந்த வழி அது. ஒரு பிள்ளைக் கொள்கை கைவிடப்பட்டு எட்டாண்டு கடந்திருந்தது. பிறப்புகள் ஆண்டுக்கு ஒரு கோடிக்குக் கீழே வந்திருந்தன.

முடிவு தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே பொருத்தம் முடித்த பிள்ளைகளையும் அதே கத்தரியில் வெட்டியது தவறு. அமெரிக்காவில் மட்டும் அப்படிச் சில நூறு குடும்பங்கள் இருந்தன. வளர்ந்த பிள்ளைகளுக்கு, எந்த நாட்டு அம்மா அப்பா, அறை எப்படி இருக்கும் என்று படம் காட்டிச் சொல்லியாகிவிட்டது. சீனாவிலிருந்து வரும் தத்துக் குழந்தைக்கு அமெரிக்கா பொதுவாக விசா தருவது, 16 வயது நிறையும் முன் அதற்காக மனுப் போட்டிருந்தால் மட்டுமே. 2019ல் 12 வயதில் பொருத்தம் முடிந்த ஒரு பிள்ளைக்கு, அறிவிப்பு வந்த அன்று வயது 17.