பாடப்பொருள் வரைவில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் பயன்பாடும் வரம்பும்: அகநானூற்று 86ஆம் பாடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வினாத்தாள், பாடக்குறிப்பு, பயிற்சித்தாள் முதலியவற்றைச் சில நொடிகளில் வரைந்து தருகின்றன. தமிழ் வகுப்பறைக்கு அவ்வரைவுகளை எந்த அளவிற்கு ஏற்கலாம், எவ்வாறு சரிபார்க்கலாம் என்பதை அகநானூற்றின் 86ஆம் பாடலைக் கற்பிக்கும் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மூலமும் உரையும் ஆசிரியரிடமிருந்து வருதல் வேண்டும். கருவியின் பணி அவற்றை வகுப்பறைக்குரிய வடிவில் அமைப்பதோடு நிற்றல் வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, பெருமொழி மாதிரி, பாடப்பொருள், அகநானூறு, கூற்று, சரிபார்ப்பு.

முன்னுரை

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. அதன்பின் ஜெமினி, கிளாட் முதலிய கருவிகளும் பரவின. தமிழில் வினவினால் தமிழிலேயே விடை தரும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி 1 தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இக்கருவிகள்மீது ஈர்ப்பு ஏற்படுவது இயல்பே. வணிகவியல், கணினி அறிவியல், இயற்பியல் எனப் பல துறை மாணவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பிற்குச் சங்கப் பாடலை எளிமைப்படுத்த வேண்டும். கே1 முதல் கே6 வரையிலான அறிதல் நிலைகளுக்கேற்ப வினாக்களைப் பிரித்தமைக்க வேண்டும். பயிற்சித்தாளும் ஒப்படைப்பும் வழங்க வேண்டும். இப்பணிச்சுமைக்கு இடையில் கருவியின் துணையை நாடுவதைக் குறையாகக் கருத இயலாது. ஆயின், எப்பணியைக் கருவியிடம் ஒப்படைக்கலாம், எப்பணியை ஒப்படைத்தல் கூடாது என்னும் தெளிவு முதலில் வேண்டும்.

1. கருவி இயங்கும் முறை

இக்கருவிகளுக்கு அடிப்படை பெருமொழி மாதிரிகள் ஆகும். பெருந்தொகையான எழுத்துத் தரவுகளிலிருந்து, ஒரு தொடருக்குப்பின் எத்துணுக்கு வருதல் கூடும் என்னும் நிகழ்தகவை அவை கற்கின்றன. நூலைத் திறந்து பார்த்து விடை கூறுவது அவற்றின் இயல்பான செயல்முறை அன்று. இணையத் தேடலோ ஆவண இணைப்போ இல்லாதவிடத்து, முன்பு கற்ற சாயலைக் கொண்டே விடையைத் தொடுக்கின்றன. ஆகவே சரியான செய்தியும் பொருத்தமான சாயலுடைய பொய்ச்செய்தியும் ஒரே உறுதியான நடையில் வெளிப்படுகின்றன. படிப்பவருக்கு இரண்டிற்கும் வேறுபாடு தோன்றுவதில்லை.

தமிழைப் பொறுத்தவரை மற்றொரு சிக்கலும் உண்டு. கருவி எழுத்தை எழுத்தாகக் கொள்வதில்லை. 'டோக்கன்' எனப்படும் துணுக்குகளாகவே கொள்கிறது. 'மொழி' என்னும் சொல் இலக்கணப்படி ஈரெழுத்து உடையது. ஒருங்குறியில் அது மகரம், ஒகரக் குறி, ழகரம், இகரக் குறி என நான்கு குறியீடுகளாகும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் கொள்வதால் மொத்தம் 12 பைட்டுகள் ஆகின்றன. துணுக்குகள் இக்குறியீடுகளுக்கு இடையில் எவ்விடத்திலும் பிரியக்கூடும். குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டு அசை பிரிக்கும் யாப்பிலக்கணத்திற்கும் இத்துணுக்குகளுக்கும் தொடர்பில்லை. 'மொழி' குறிலிணைந்து வந்த நிரையசை என்பதை மாணவர் எழுத்தெண்ணி அறிகிறார். கருவி தான் கண்ட எடுத்துக்காட்டுகளின் சாயலால் ஊகிக்கிறது. ஆதலின் அலகிடல், எழுத்தெண்ணிக்கை, புணர்ச்சி ஆகியவற்றில் கருவி தரும் விடைகள் ஒவ்வொன்றையும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

2. எடுத்துக்காட்டுப் பாடல்

நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86ஆம் பாடல் பண்டைத் தமிழர் மணநிகழ்வை விரிவாகக் காட்டுவது. உழுந்து கலந்த உணவு, மணல் பரப்பிய பந்தர், திங்கள் உரோகிணியைக் கூடிய நன்னாள், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் வாழ்த்தி நீராட்டுதல் முதலிய செய்திகள் இதில் இடம்பெறுகின்றன. பண்பாட்டுச் செய்திகள் செறிந்திருப்பதால் பாடத்திட்டத்திற்கு மிகவும் ஏற்றது.

மூலத்தைத் தராமல், 'அகநானூறு 86ஆம் பாடலுக்குப் பாடக்குறிப்பு எழுதுக' என்று மட்டும் கட்டளையிட்டால் மூவகைப் பிழைகள் நேர வாய்ப்புண்டு.

முதலாவது, திணைப் பிழை. மணமும் முதலிரவும் பாடப்படுவதால் புணர்தலை உரிப்பொருளாகக் கொண்ட குறிஞ்சி எனக் கருவி ஊகிக்கக்கூடும். பாடலின் திணையோ மருதம். வாயில் மறுத்த தோழிக்குத் தலைமகன் கூறியதாக இதன் துறைக்குறிப்பு அமைகிறது. ஊடல் சூழலில் நின்று தலைமகன் பழைய மணநாளை நினைவுகூர்கிறான் என்பதே பாடலின் கட்டமைப்பு. இச்சூழலை விட்டுவிட்டால் பாடல் வெறும் திருமண வருணனையாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது, காலக்கலப்பு. இப்பாடலில் தாலி கட்டுதலோ தீவலம் வருதலோ கூறப்படவில்லை. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலில் தீவலம் இடம்பெறுகிறது. பிற்கால வழக்கத்தில் இரண்டும் உள்ளன. தமிழ்த் திருமணம் குறித்த தரவுகளில் இவை மிகுதியாகக் காணப்படுவதால், கருவி அவற்றை இப்பாடலின் மீதும் ஏற்றிவிடக்கூடும். சங்ககால மணமுறை பற்றிய ஆய்வில் இப்பாடல் கூறாமல் விட்டவையும் கூறியவற்றிற்கு நிகரான சான்றாகும். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சேர்க்கும் பாடக்குறிப்பு அச்சான்றையே அழித்துவிடுகிறது.

மூன்றாவது, கருத்து வேறுபாட்டை மறைத்தல். இப்பாடலின் துறைக்குறிப்பு இரண்டாவது சூழல் ஒன்றையும் தருகிறது. தலைமகளைக் கூடி இன்புற்றிருந்த தலைமகன் முன்பு நிகழ்ந்ததைச் சொல்லி மகிழ்ந்ததாகவும் கொள்ளலாம் என்பது அது. கருவியின் சுருக்கத்தில் இரண்டில் ஒன்று எளிதில் விடுபட்டுப் போகலாம். நெடுநல்வாடை அகமா புறமா என்னும் வினாவிலும் இந்நிலையே நேரும். பாண்டியர்க்குரிய அடையாளப் பூவாகிய வேம்பு சுட்டப்படுவதால் அது புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கருத்து. அக்காரணத்தையும் அதன்மீதான மறுப்பையும் தராமல் ஒருசொல் விடை மட்டும் தந்தால், மாணவர் முடிவை அறிவாரேயன்றி ஆராயும் முறையை அறியார்.

3. மூலத்தைத் தந்து வடிவத்தைப் பெறுதல்

இப்பிழைகளைக் குறைக்கும் வழி கட்டளையின் அமைப்பில் உள்ளது. பாடல், துறைக்குறிப்பு, சொற்பொருள், உரை ஆகியவற்றை நம்பத்தகுந்த பதிப்பிலிருந்து ஆசிரியரே உள்ளிடுதல் வேண்டும். பின்வருவது ஒரு மாதிரிக் கட்டளை:

'கீழே பாடலும் துறைக்குறிப்பும் உரையும் தரப்பட்டுள்ளன. இவற்றில் உள்ள செய்திகளை மட்டும் பயன்படுத்துக. இளங்கலை முதலாமாண்டு வணிகவியல் மாணவர்க்கு 50 நிமிட வகுப்பிற்கான பாடக்குறிப்பு வரைக. ஒவ்வொரு செய்திக்கும் அதற்குரிய அடியெண்ணைத் தருக. துறைக்குறிப்பின் இரு சூழல்களையும் தனித்தனியே விளக்குக. தரப்பட்ட பகுதியில் இல்லாத செய்தி தேவைப்படின், "மூலத்தில் இல்லை" என்று எழுதுக.'

இக்கட்டளையில் இன்றியமையாத கூறுகள் இரண்டு. அடியெண் கோருவதால் ஒவ்வொரு கூற்றையும் ஆசிரியர் மூலத்தோடு உடனே ஒப்பிட முடிகிறது. 'மூலத்தில் இல்லை' என்று எழுத இடமளிப்பதால் வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பும் போக்கு குறைகிறது; முற்றிலும் நீங்குவதில்லை.

இவ்வாறு மூலம் தரப்பட்ட நிலையில் கருவி நன்கு உதவும் பணிகள் பல. ஒரே செய்தியிலிருந்து நினைவுகூர்தல், புரிதல், பகுத்தாய்தல் எனப் பல நிலை வினாக்களை வரைதல், அருஞ்சொற்களைப் பட்டியலிடுதல், கடின உரைநடையை எளிய தொடர்களாக்குதல், வகுப்பு நேரத்தைப் பகுத்தல், குழுச் செயல்பாடுகளைப் பரிந்துரைத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். எளிமைப்படுத்திய தொடர்களில் ஆங்கிலத் தொடரமைப்பின் சாயலும் வல்லினம் மிகும் இடங்களில் பிழையும் புகுந்திருக்கலாம். அவற்றைத் திருத்துவதும் ஆசிரியர் பணியே.

4. மரபுவழிச் சரிபார்ப்பு

கருவியின் வரைவைச் சோதிக்கத் தமிழ் நூல்களின் தொகுப்பு மரபே அளவுகோல்களைத் தருகிறது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணுடைய பாடல்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்காக வருவன நெய்தல். 86 என்னும் எண்ணே அதன் திணை மருதம் என்பதைக் காட்டிவிடும். குறிஞ்சி என எழுதிய வரைவை மறுக்க வேறு நூல் தேவையில்லை.

அடியளவும் இத்தகையதே. குறுந்தொகைப் பாடல் 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி என்பது பொதுவரையறை. விதிவிலக்குகள் மிகச் சில. குறுந்தொகைப் பாடல் என்று கூறி 15 அடிகளைக் கருவி தந்தால் ஐயம் கொள்ளல் வேண்டும். ஐங்குறுநூற்றில் ஒவ்வொரு நூறும் ஒரு புலவர்க்குரியது. குறிஞ்சி நூறு கபிலருடையது. ஆதலின் அப்பகுதிப் பாடலுக்கு வேறு புலவர் பெயர் வருமாயின் அது பிழை. திருக்குறளில் 391 முதல் 400 வரை 40ஆம் அதிகாரமாகிய கல்வி. குறள் எண்ணும் அதிகாரமும் பொருந்துகின்றனவா என்பதை எளிய கணக்கால் அறியலாம். சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கே உரை கண்டவர். அவர்தம் எழுத்ததிகார உரை என்று வரும் மேற்கோளை நீக்கிவிடலாம்.

இவை முதற்கட்டச் சோதனைகள் மட்டுமே. இவற்றில் தேறிய வரைவையும் அச்சுப் பதிப்போடு ஒப்பிடுதல் வேண்டும். பாடலடிகளைக் கருவியிடம் கேட்டுப் பெறுவதை அறவே தவிர்த்தல் நன்று.

5. வகுப்பறை அறம்

மாணவர் பெயர், மதிப்பெண், விடைத்தாள் ஆகியவற்றைப் பொதுக்கருவிகளில் உள்ளிடுதல் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்பிற்கென இந்தியாவில் 2023இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது. உரைநூல்களைப் பதிவேற்றும்போது பதிப்புரிமையையும் கருதுதல் வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களும் நாட்டுடைமையாக்கப்பட்டவையும் இதற்குப் பாதுகாப்பானவை. பாடக்குறிப்பின் இறுதியில், எப்பகுதி கருவியால் வரையப்பட்டது, எப்பதிப்போடு ஒப்பிடப்பட்டது என்று ஓரிரு வரிகளில் குறிப்பதும் நன்று. அடுத்து அக்குறிப்பைப் பயன்படுத்தும் ஆசிரியருக்கு அது வழிகாட்டும்.

கருவியின் பிழையையே பாடமாக்கவும் இயலும். மூலம் தராமல் பெற்ற வரைவையும் பாடலையும் மாணவரிடம் அருகருகே தந்து, பாடலில் இல்லாதவற்றை அடிக்கோடிடச் செய்யலாம். தாலியும் தீவலமும் பாடலில் எங்கே என்று தேடும் மாணவர், பாடலை வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும். எந்த எளிய பொழிப்புரையும் தராத நெருக்கமான வாசிப்பை இப்பயிற்சி தரும்.

முடிவுரை

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும் அவ்வாறே. யாப்பறிந்த பதிப்பாசிரியர்களுக்குச் சில அடிகளை இயற்றி அவ்விடங்களை நிரப்புவது அரிதன்று. அவர்கள் அதனைச் செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றே காட்டினர். இன்று சங்க இலக்கியத்தைச் சான்றாகக் கொண்டு ஆய்வு நிகழ்த்த இயல்வதற்கு அந்நேர்மையும் ஒரு காரணம்.

கருவி வெற்றிடத்தை வெற்றிடமாக விடும் இயல்புடையதன்று. வகுப்பறைக் குறிப்பில் புகும் பிழை மாணவரின் விடைத்தாளுக்கும், அங்கிருந்து போட்டித்தேர்வுக் கையேட்டிற்கும், பின்னர் இணையத்திற்கும் செல்லும். நாளைய கருவிகள் அதனையே தரவாகக் கற்கும். ஆதலின் வரைவைச் சரிபார்க்கும் ஆசிரியர் ஒரு வகையில் பதிப்பாசிரியர் பணியையே செய்கிறார். பாடம் ஆசிரியர் கையிலும் அதன் வடிவமைப்பு கருவியின் கையிலும் இருக்கும்வரை இத்தொழில்நுட்பம் தமிழ் வகுப்பறைக்குத் துணையாக அமையும்.