பழைய கார் வாங்குமுன் செலவைக் கணக்கிடுவோம்

பொருளாதாரத் தடை இருந்த காலத்தை வன்னியில் வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார்கள். 1990 தொடக்கம் 2002 வரை பெற்றோல் போத்தலில் அளந்து விற்கப்பட்ட அரிய பொருளாக இருந்தது. அந்நாட்களில் எமது வீதிகளில் ஓடியவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, கேம்பிரிட்ஜ் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்களே. காபிரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் போனபோது நோயாளரையும், பிள்ளைத்தாய்ச்சிகளையும், நெல் மூட்டைகளையும் சுமந்தவை அவைதான்.

இன்று நிலைமை வேறு. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வாகனத்தின் வரியும் விலையும் எட்டாத உயரத்தில் உள்ளன. எனவே பழைய காரை நாடும் குடும்பங்கள் பல. நாம் அறிந்த ஒரு குடும்பம் நெல் விற்ற காசையும் தாயின் தோட்டையும் கொடுத்து ஒரு கார் வாங்கியது. பெயின்ற் பளபளத்தது, எஞ்சினும் உடனே எழும்பியது. மூன்றாம் மாதம் எஞ்சின் பிரிக்கப்பட்டது. அடுத்த போகத்துக்கு வைத்திருந்த விதைநெல்லும் அந்தச் செலவோடு போயிற்று. இப்படி நேராதிருக்க, காசு கொடுக்குமுன் செய்யவேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

எஞ்சின்

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். "நீங்கள் வருவீர்கள் என்று ஓட்டிச் சூடாக்கி வைத்தேன்" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும்.

முதலில் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். பழைய எஞ்சின்கள் குறைந்த அமுக்கத்தில் வேலை செய்தபடியால் மண்ணெண்ணெயை ஒருவாறு தாங்கின. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத மிச்சம் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஒயிலுடன் கலந்து அதை நீர்த்துவிடும். நீர்த்த ஒயில் பெயாரிங்குகளைக் காப்பதில்லை. ஆகவே ஒயில் தண்ணீர்போல் ஒழுகினாலோ, மண்ணெண்ணெய் மணத்தாலோ, அளவுக்கோட்டுக்கு மேல் நின்றாலோ எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்து றேடியேற்றர் மூடியைத் திறவுங்கள். தண்ணீரில் ஒயில் மிதந்தாலோ, ஒயில் மூடியின் உட்புறத்தில் கஞ்சிபோல் படிந்திருந்தாலோ தண்ணீரும் ஒயிலும் கலக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். பின்னர் எஞ்சினை எழுப்பிப் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் மிதமிஞ்சிப் போகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், தண்ணீரும் குறைந்தால் எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டி வரலாம்.

அடிப்பாகம்

எஞ்சினைத் திருத்தலாம், மாற்றலாம். அடிப்பாகம் கறள் பிடித்து உக்கியிருந்தால் திருத்துவதற்கு உடலே இராது. பாயை விரித்துக் காரின் கீழே படுத்துப் பாருங்கள். வில்லுத் தகடு பூட்டும் இடங்கள், கதவுக்குக் கீழுள்ள தகரம், சாரதியின் கால் வைக்கும் தளம் ஆகியவற்றை ஒரு திருகாணிச் சாவியால் மெல்லக் குத்துங்கள். ஒரு சிறு காந்தமும் கொண்டு போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பற்றுப் பூசியிருக்கிறார்கள்.

சில்லும் பிறேக்கும்

மொறிஸ் மைனரில் முன்சில்லைத் தாங்கும் கீழ்ப்புறத் திருகுமூட்டுக்கு அடிக்கடி கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்துவிடும். ஜக் போட்டு உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

பழைய கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே பிறேக் ஒயில் வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. எஞ்சினை நிறுத்தி வைத்துப் பிறேக்கை அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பாதம் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

பத்திரங்கள்

2009இல் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பகுதிகளில் கைவிடப்பட்ட வாகனங்கள் ஏராளம். வாகனம் மிஞ்சிப் பத்திரம் தொலைந்ததும் உண்டு. ஆகவே வாகனப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிடுங்கள். பழைய கார்களுக்கு டீசல் எஞ்சின் மாற்றிப் பூட்டுவது வழக்கம். அந்த மாற்றம் பதிவில் ஏறியிருக்க வேண்டும். பதிவில் நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்தது என்ற கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பலர் கைமாறிய 'ஓப்பின் பேப்பர்' வாகனத்தில் கையொப்பமிட்ட பழைய உரிமையாளரைத் தேடுவது பெரும் பாடு. வாங்கியதும் காலம் தாழ்த்தாது உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கணக்கு

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். முதலாவது, கேட்கும் விலை. இரண்டாவது, நம்பிக்கையான மெக்கானிக் சொல்லும் திருத்தச் செலவு. மூன்றாவது, பெயர்மாற்றம், காப்புறுதி, புகைச் சான்றிதழ், வரிப்பத்திரம் ஆகியவற்றின் செலவு. இம்மூன்றின் கூட்டுத்தொகைதான் காரின் உண்மை விலை. மெக்கானிக் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு அல்ல. திருத்தும்போது பிறேக், ஸ்ரியறிங், ரயர் முதலில், பெயின்ற் கடைசியில்.

வீட்டாரோடு கூடியிருந்து இன்னுமொன்றை யோசியுங்கள்: வேண்டியது காரா, அல்லது காணிக்கும் உதவும் லான்ட்மாஸ்டரா? விதைநெல்லுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், மருந்துக்கும் ஒதுக்கிய காசைத் தொட்டுத்தான் வாங்க வேண்டுமென்றால், இந்தப் போகம் பொறுத்திருப்பதே நல்லது.

கோபுரம் கட்டப் புறப்பட்ட மனிதனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். பலமுறை எல்லாவற்றையும் விட்டு எழுந்து வந்த நாம், கையிலுள்ள சிறு முதலையாவது உட்கார்ந்து எண்ணிச் செலவிடுவோம்.