கடும்பும் கட்டிலும்

ஈராண்டு பாலூட்டுதல் பற்றித் திருக்குர்ஆன் கூறுவதைக் கல்முனைக் கரையில் அறியாதார் அரியர். அவ்வீராண்டும் இன்று தொடங்குவது வைத்தியசாலைக் கட்டிலிலன்றோ! பிறந்த மகவைப் பிரித்து வேறறையிற் கிடத்தி, மணி பார்த்துப் பாலூட்டக் கொணர்தல் பல நாடுகளிலும் முன்னை வழக்கம். குழவி சுவைக்கச் சுவைக்கவே பால் ஊறும். சுவையாதாயின் ஊற்றுத் தூர்ந்துவிடும். பின்னர்ப் ‘பால் போதாது’ எனத் தாயைக் குறைகூறல் என்ன நீதி? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1989இல் பத்து நெறிகள் வகுத்தன. விரைந்து முலையூட்டல், தாயுஞ் சேயும் ஓரிடத்திருத்தல், மருத்துவத் தேவையின்றிப் பிறிது புகட்டாமை என்பன அவற்றுட் சில. முதலில் ஊறும் கடும்புப்பால் நோயெதிர்க்கும் ஆற்றலுடையது. (கடும்பு என்பதை அகராதிகள் பசுவுக்கு உரித்தாக்கினும், ஈழத்து வழக்கில் அது தாய்க்கும் உரியதாயிற்று.) 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட மதலையருள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே பருகினர். சத்திரசிகிச்சையால் ஈன்றவளோ உடனே எழுந்து மகவை எடுக்க இயலாள். அவ்வேளை அதனை அவள் மார்பிற் பொருத்திப் பிடிப்பது தாதியின் கையே.